ஆறு போன், இருபது வருஷம்: பெட்டி விலையை விட்டு மாத வாடகையைப் பாருங்க



"சம்பளத்துல எத்தனை சதவீதம் போனுக்குச் செலவு பண்ணலாம்?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. போன வீடியோவில் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. சதவீதத்தை விடுங்க, மாத வாடகையைப் பாருங்க என்று சொன்னேன். நாமே காசு கொடுத்து வாங்கின போனுக்கு எதுக்கு வாடகை என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. ஊரான் கணக்கு எதற்கு? லவ்டேலில் எங்கள் வீட்டுச் செலவு நோட்டு 2005-ல் இருந்து என்னிடம் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். இந்த இருபது வருடத்தில் நான் வாங்கியது மொத்தம் ஆறு போன்.

கணக்கு எளிதுதான். வாங்கின விலையோடு ரிப்பேர் செலவைக் கூட்டுங்க. விற்றோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தோ திரும்பி வந்த பணத்தைக் கழிங்க. எத்தனை மாதம் பயன்பட்டதோ அதால் வகுங்க. வருகிற தொகைதான் அந்த போனின் மாத வாடகை. போன் நிலமும் இல்லை, நகையும் இல்லை. கடைப்படி இறங்கும்போதே விலையும் கூடவே இறங்கும். அப்படிப்பட்ட பொருளை 'சொத்து' என்று நினைத்துப் பேசினால் கணக்கு எப்போதும் தப்பாகவே வரும்.

மாதம் 31 ரூபாய்க்கு ஒரு டார்ச்

முதல் போன், 2005 ஜூனில் வாங்கிய நோக்கியா 1100. விலை 3,200 ரூபாய்.

இதற்கு முன்னால் எங்களுக்குப் போன் என்றால் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துதான். செல்போன் இந்தியாவுக்கு வந்து அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவில் இருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். இதில் கொடுமை என்னவென்றால், நமக்கு யாராவது கூப்பிட்டாலும் நம்ம காசுதான் போகும். 2003 மே 1 முதல் கூப்பிடுகிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும் என்று ஆனது. என்னைக் கேட்டால், சாதாரண வீடுகளுக்குள் செல்போன் வந்தது அந்த நாளில்தான். போன் விலை குறைந்ததைவிட அந்த ஒரு மாற்றம் பெரியது.

எங்கள் அப்பாவுக்குக் கேத்தி பக்கம் கொஞ்சம் தேயிலை உண்டு. அதனால் வீட்டில் எந்தப் பெரிய செலவு வந்தாலும் "எத்தனை கிலோ இலை?" என்றுதான் முதல் கேள்வி வரும். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. எங்களுக்குக் கிடைத்தது கிலோவுக்கு 8 ரூபாய். அப்போ 3,200 ரூபாய் போன் என்றால் 400 கிலோ பச்சை இலை. கையால் பறித்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 20, 25 கிலோ பறிப்பார் என்று வையுங்க. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு ஆளுடைய பறிப்பு முழுசும் என் சட்டைப் பையில் இருந்தது. பறிகூலி, உரம் எல்லாம் கழித்தால் அதைவிட மோசம். அப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த போன் என்ன செய்தது தெரியுமா? பேசியதைவிட டார்ச்சாகத்தான் அதிகம் உழைத்தது. ஜூன், ஜூலை மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் மூடுபனி. அதற்குள் காட்டெருமை நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. விசையை அழுத்தினால் போன் தலையில் இருந்து வெளிச்சம். தூசு உள்ளே போகாத மாதிரி ரப்பர் கீபேட். 2003-ல் வந்த இந்த மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது என்றால் சும்மா இல்லை.

பேச்சுக்கு ஆன செலவு மாதம் 100 ரூபாய் ரீசார்ஜ். அதற்கே ஆயிரம் சிக்கனம். ஒரு மிஸ்டு கால் என்றால் "பஸ் ஏறிட்டேன்", இரண்டு என்றால் "நீ கூப்பிடு". இலை எடுக்கிற வண்டி வந்துவிட்டது என்பதற்கும் மிஸ்டு கால்தான். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். காசில்லாமல் தகவல் போய்ச் சேர்ந்ததா இல்லையா?

2009-ல் நான் அடுத்த போனுக்கு மாறியபோது இது அம்மாவிடம் போனது. 2014 வரை ஓடியது. நடுவில் ஒரு பேட்டரி, 150 ரூபாய். மொத்தம் 3,350 ரூபாய், 108 மாதம். மாத வாடகை 31 ரூபாய்.

விலை கூடினாலும் வாடகை கூட வேண்டியதில்லை

இரண்டாவது, பாட்டு கேட்கவே வாங்கிய நோக்கியா 5130 எக்ஸ்பிரஸ் மியூசிக். 2009 செப்டம்பர், 6,500 ரூபாய். 54 மாதம் வைத்திருந்தேன். விற்கவில்லை. வாடகை 120. என் முதல் கேமரா போனும் இதுதான். அதுவரை ஊட்டியில் போட்டோ என்றால் ஃபிலிம் ரோல். நம்ம ஊட்டியிலேயே, இந்துநகரில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று மத்திய அரசின் ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் வரும். டிஜிட்டல் வந்த பிறகு அது என்ன ஆனது என்று ஊட்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதம் 120 ரூபாய் வாடகைக்குள் ஒரு கேமராவும் ஒரு ரேடியோவும் வந்து உட்கார்ந்தபோது, இன்னொரு பக்கம் யாரோ சிலருடைய மாதச் சம்பளம் காணாமல் போயிருக்கிறது.

மூன்றாவது, மோட்டோ ஜி. 2014-ல் ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்றார்களே, அதே போன். 16 ஜி.பி. மாடல் 13,999 ரூபாய். 36 மாதம் கழித்து 2,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். வாடகை 333. நான்காவது, 2017 மார்ச்சில் ரெட்மி நோட் 4, 12,999 ரூபாய். 44 மாதம் கழித்து இதற்கும் 2,000 கிடைத்தது. வாடகை 250. ஐந்தாவது, 2020 நவம்பரில், ஆன்லைன் வகுப்பு நடந்த சமயம் வாங்கிய சாம்சங். 16,500 ரூபாய். இடையில் பேட்டரி மாற்ற 1,800. 48 மாதம் கழித்து எக்ஸ்சேஞ்சில் 1,500. வாடகை 350.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 333, 250, 350. இதில் மலிவான வாடகை எது? நாலாவது போன். அதன் விலை மூன்றாவதைவிட வெறும் 1,000 ரூபாய்தான் குறைவு. ஆனால் எட்டு மாதம் கூடுதலாக உழைத்தது. ஐந்தாவது போனை 1,800 ரூபாய் கொடுத்து பேட்டரி மாற்றாமல் 36-வது மாதத்திலேயே, 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டிருந்தால் வாடகை 375 ஆகியிருக்கும். அதாவது செலவு பண்ணி வாடகையைக் குறைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஆறாவது. 2024 நவம்பரில் 24,000 ரூபாய். ஐந்து வருடம் ஓட்டி ஒன்றுக்கும் ஆகாமல் போனாலும் மாதம் 400. இரண்டே வருடத்தில் 9,000-க்கு விற்றால் மாதம் 625. போன் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதனால்தான் மாறிவிட்டது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன்னால், எத்தனை வருடம் சாஃப்ட்வேர் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்க. கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ் 24 போன்ற விலை உயர்ந்த போன்களுக்கு 7 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்தவற்றில் இது மாடலுக்கு மாடல் மாறும். வங்கி ஆப் பழைய சாஃப்ட்வேரில் ஓடாமல் போகும் நாள்தான் போனின் உண்மையான கடைசி நாள்.

5ஜி விஷயமும் இப்படித்தான். மலைச்சரிவில் ஒரு வீட்டுக்கு நாலு கட்டை சிக்னல், அடுத்த வீட்டுக்கு அரைக் கட்டை. உங்க வாசலுக்கு வராத வேகத்துக்கு 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி ஒரு தடவை பார்த்தாலே தெரிந்துவிடும்.

'ஜீரோ' என்ற எண்ணின் விலை

2003-ல் ரிலையன்ஸ் 'மான்சூன் ஹங்காமா' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. 501 ரூபாய் கட்டினால் கையில் போன். மீதி? மாதாமாதம் கட்டணும். அன்றைக்கு எல்லோரும் 501 என்ற எண்ணை மட்டும்தான் பேசினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' உட்கார்ந்திருக்கிறது.

ஆறாவது போனுக்கு ஊட்டி கடையில் சொன்ன விலை 25,000. கிரெடிட் கார்டில் 9 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு என்றார்கள். 15 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தால் உள்ளே நடப்பது இது: 9 மாத வட்டி சுமார் 1,493 ரூபாய். அதை முதலிலேயே தள்ளுபடி மாதிரி விலையில் கழித்துவிடுவார்கள். அதனால் நீங்கள் மாதம் 2,778 வீதம் கட்டி முடிக்கும்போது சரியாக 25,000 வரும். சரி, ஜீரோதானே? இல்லை. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 269 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 504 ரூபாய் கூடுதல். "மொத்தமா இப்பவே கொடுத்தா எவ்வளவு?" என்று கேட்டேன். 24,000 என்றார்கள். அப்போ அந்த ஜீரோவின் விலை 1,504 ரூபாய். ஆறு சதவீதம்!

ரிசர்வ் வங்கி இதைப் பற்றி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் மறைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இ.எம்.ஐ. எல்லோருக்கும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம் வருகிறவருக்கு 504 ரூபாய் சமாளிக்கக்கூடிய செலவுதான். நம்ம மலையில் நிறைய பேருக்கு அப்படி வருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

என் அக்கா பையன் ஊட்டியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறான். 2025 மார்ச்சில் வந்து நின்றான். "மாமா, ஐபோன் 16 எடுக்கலாம்னு இருக்கேன். மாசம் 3,900 தான் வருது." விலை 79,900. இரண்டு வருடம், 16 சதவீத வட்டி. கணக்குப் போட்டோம்: மாதம் 3,912, மொத்தம் 93,892. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 14,000. அவன் வாதமும் தப்பில்லை. புக்கிங், மேப், கஸ்டமருக்குப் போட்டோ அனுப்புவது, ஜிபே எல்லாம் போனில்தான். அது அவனுக்குத் தொழில் கருவி.

"சரி மாப்ளே, மே மாசம் எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டேன். டீசல், வண்டி டியூ போக நல்ல தொகை சொன்னான். "ஜூலையில?" பதில் இல்லை. ஊட்டியில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் தெரியும், ஏப்ரல், மே சீசன்; பிறகு பூஜை லீவு, தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்தில் கொஞ்சம். மழை மாதங்களில் ஸ்டாண்டிலேயே நிற்கணும். 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேறு. வருமானம் அலை மாதிரி வருகிறது, இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் 3,912 கேட்கும். ஜூலையில் ஒரு தவணை தவறினால் அபராதத்தோடு சிபில் ஸ்கோரிலும் பதிவாகும். நாளைக்கு வண்டி மாற்றக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

அப்புறம் என் நோட்டைக் காட்டினேன். ஆறு போன்களின் வாங்கின விலையையும் கூட்டினால் 77,198 ரூபாய். இருபது வருடத்து ஆறு போனும் சேர்ந்து அவன் கேட்கிற ஒரு போனைத் தொடவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க போன்ல போட்டோ எடுத்தா கஸ்டமர் பேய்னு நினைச்சுக்குவாங்க மாமா" என்றான். அதுவும் உண்மைதான்.

கடைசியில் சீசன் முடியட்டும் என்று முடிவானது. மே மாதக் கடைசியில் கையில் இருந்த பணத்தில் 22,000-க்கு ஒரு போன் எடுத்தான், மொத்தமாகக் கொடுத்து. மழைக்கு முன்னால் வண்டிக்கு நாலு டயரும் மாற்றினான். இ.எம்.ஐ. ஓடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த இரண்டாவது வேலை அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போயிருக்கும். மழையில் மலை ரோட்டில் வழுக்கின டயரோடு இறங்குவது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போனை விடுங்க, சிம்மைப் பாருங்க

வாடகைக் கணக்கு போட்ட பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் இதுதான். 2005-ல் போன் பெரிய செலவு, ரீசார்ஜ் சின்னச் செலவு. இன்றைக்குத் தலைகீழ்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதற்கு முன்னால் 1 ஜி.பி. டேட்டா 250 ரூபாய் வாக்கில் இருந்தது. இலவசம், மலிவு என்று பழகினோம். பழகிய பிறகு விலை படிப்படியாக ஏறியது. 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் ஏற்றிய பிறகு, தினம் ஒன்று, ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் பிளான் 299 ரூபாய் என்று வந்து நின்றது. 28 நாள் என்பதைக் கவனிங்க. வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 3,887 ரூபாய். மாதக் கணக்கில் 324. கிட்டத்தட்ட என் ஐந்தாவது போனின் வாடகை அளவுக்கு சிம்மே வாடகை கேட்கிறது!

எங்கள் வீட்டில் மூன்று சிம். வருடத்துக்கு 11,661. ஐந்து வருடத்துக்கு 58,305. அப்பாவின் கணக்கில் சொன்னால், கிலோ 20 ரூபாய் என்றால் கூட ஒரு சிம்முக்கு வருடம் 194 கிலோ இலை. 400 கிலோவுக்கு ஒரு தடவை போன் வாங்கி ஒன்பது வருடம் ஓட்டிய வீடு, இப்போது இரண்டு சிம்முக்கே வருடாவருடம் அதே 400 கிலோவை அளக்கிறது.

அம்மாவிடம் இப்போது இருப்பதும் கீபேட் போன்தான். நெட் கிடையாது. ஆனால் அவருக்கும் டேட்டா பிளானே போட வேண்டியிருந்தது. பேசவும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி பிளான் தரணும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. 2025 தொடக்கத்தில் பிளான்கள் வந்தன. அம்மாவுக்கு ஒரு வருடத்துக்கு 1,849 ரூபாய் பிளான் போட்டேன். வருடத்துக்கு 2,038 ரூபாய் மிச்சம். இந்த பிளான் ஆப்பில் முதல் பக்கத்தில் வராது, கீழே தேடணும். உங்க வீட்டில் கீபேட் போன் வைத்திருக்கிற அப்பா, அம்மா, பாட்டி யாராவது இருந்தால் இன்றைக்கே பாருங்க.

நம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கி வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் தடுமாறி நின்றபோது, போன் நன்றாக இருந்தும் நம்பர் வேலை செய்யாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். வங்கி ஓ.டி.பி., கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அந்த நம்பரில். போன் தொலைந்தால் 20,000 போகும். நம்பர் போனால் வங்கிக் கணக்கின் வாசலே அடைபடும். பயன்படுத்தாத இரண்டாவது சிம்மை விடுவதற்கு முன்னால் அதில் எந்த வங்கி, எந்த பாலிசி இருக்கிறது என்று எழுதிப் பார்த்து மாற்றுங்க.

ஜனவரியில் போன் மாற்றாதீங்க

இது நம்ம மலைக்காரர்களுக்கு மட்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் போன் 40 சதவீதத்தில் இருந்து பொசுக்கென்று அணையும். பேட்டரி செத்துவிட்டது என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. லித்தியம் பேட்டரி குளிரில் தற்காலிகமாகவே சுணங்கும். உள் பாக்கெட்டில் வைத்துச் சூடேறினால் திரும்பி வரும். மார்ச் வரை பொறுங்க. வெயில் வந்த பிறகும் அதே கதை என்றால் பேட்டரி மட்டும் மாற்றுங்க. ஜில்லென்று வெளியே இருந்து வந்ததும் போனை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, உள்ளே ஈரம் கோர்க்கும். ரொம்பச் சில்லிட்டிருக்கும்போது சார்ஜ் போடவும் வேண்டாம்.

பழைய போனை "எதுக்காவது ஆகும்" என்று டிராயரில் போட்டு வைக்காமல், புதுசு வாங்கின வாரமே கொடுத்துவிடுங்க. நாள் போகப் போக விலை குறைந்துகொண்டே போகும். கொடுப்பதற்கு முன்னால் ஜிபே, வங்கி ஆப்களில் இருந்து வெளியேறி, கூகுள் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்யணும். பேட்டரி உப்பின போன் டிராயரில் இருந்தால் அதை விற்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்க. என் நோக்கியா 1100 மட்டும் பேட்டரியைக் கழற்றி டிராயரில் இருக்கிறது. அதன் வாடகை 2014-லேயே முடிந்துவிட்டது, இடத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை.